கறளைத் தட்டிப் பார்ப்போம்

கடற்கரைக் காற்றில் இரும்பு நெடுநாள் தாங்காது. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளியேறிய நாங்கள், 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதனோடு சேர்ந்த 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டபோதுதான் திரும்பி வந்து பார்த்தோம். இடிந்த சுவர்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கையால் ஒடிக்கலாம் போலிருந்தது. கவனிக்க ஆளில்லாத இரும்பு மண்ணாகிவிடுகிறது.

தொழிலை மறுபடி தொடங்கியபின் மீன் வியாபாரம் செய்யும் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து பழைய லான்ட் றோவர் ஜீப் ஒன்றை வாங்க எண்ணினோம். ஐஸ் பெட்டி ஏற்றவும், மணலில் படகை இழுக்கவும் அது உதவும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. எங்கள் கையில் இருந்ததோ சீட்டுக் காசும் கடன் காசும். அது போனால் மறுபடி சேர்க்க எத்தனை வருடமோ!

விற்க வந்தவர், “அக்கா, உடம்பில ஒரு பொட்டுக் கறள் இல்லை, பாருங்கோ” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. லான்ட் றோவரின் மேலுடம்பு அலுமினியக் கலவைத் தகடு. 1948இல் அது வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அப்படிச் செய்தார்கள். அதில் செங்கறள் வராது. ஆனால், பாரம் தாங்கும் சசி உருக்கு. தகடுகளைப் பெட்டி போல ஒட்டிச் செய்தது. சேறும் உப்புத் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூசிய கறுப்பு மை பளபளக்க, உள்ளே ஓட்டையாகிக் கொண்டிருக்கும்.

நாங்கள் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவைக் கூட்டிப் போனோம். அவர் 1990களில், பெற்றோலும் உதிரிப்பாகமும் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட வைத்தவர்களில் ஒருவர். ஜீப்பை ஜக்கில் உயர்த்தினாலும் பலமான கட்டைகள் வைக்கும்வரை எவரையும் கீழே போக விடவில்லை. பிறகு சிறிய சுத்தியலை என்னிடம் தந்தார்.

“பிள்ளை, நீரே தட்டிப் பாரும். காது சொல்லும்.”

நல்ல இரும்பு ‘கிண்’ என்றது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் தட்டியபோது ‘பொத்’ என்றது. அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தினேன். நுனி உள்ளே போய்விட்டது. படகை இழுக்கும் கொக்கி பூட்டுவது அந்தச் சட்டத்தில்தான். பாரத்தோடு அது கழன்றால் பின்னால் நிற்பவரின் உயிர் போகும். வில்லுத் தகடு பூட்டும் இடங்கள், பெற்றோல் தாங்கியைத் தாங்கும் கைகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றையும் பார்த்தோம். அவை நன்றாகவே இருந்தன. ஓட்டையை நேரில் காட்டியதும் உரிமையாளர் விலையைக் குறைத்தார். அதன் பிறகுதான் வாங்கினோம்.

திருத்தும்போது ஐயா இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்கவில்லை. கறளுக்கு மேல் தகடு வைத்து ஒட்டக்கூடாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்து, 2 மில்லிமீற்றருக்குக் குறையாத புதுத் தகட்டை ஒட்ட வேண்டும். அடுத்தது, வெல்டிங் தொடங்குமுன் பற்றரித் தொடுப்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கித் தூர வைக்க வேண்டும். வெறுந்தாங்கி என்றாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். பக்கத்தில் மணல் வாளியும் இருக்க வேண்டும். ஓரிடத்திலேயே தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் சட்டம் முறுகும் என்பதால், இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஒட்டினார். பின்பு கறள் தடுப்பு மை இரண்டு தரம் பூசி, பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெய் விசிறினார். அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விட்டார்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாமல் கலனில் சேர்த்தோம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை வலிகாமத்தார் அறிவோம். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலம் மேலே ஊற்றியதை நேரே கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

இப்போது கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரால் ஜீப்பின் அடிப்பக்கத்தைக் கழுவுகிறோம். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை; அதுவும் உப்புத்தான். மாரிக்கு முன்னும் பின்னும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறோம்.

சகோதரிகளே, லான்ட்மாஸ்ரரோ, முச்சக்கரவண்டியோ, பழைய வானோ, உழைப்புக்காக எதை வாங்கினாலும் கீழே குனிந்து பாருங்கள். “இதெல்லாம் உங்களுக்கு விளங்காது” என்று யாரும் சொன்னால், ஒரு சுத்தியல் தரும்படி கேளுங்கள். கடன் கட்டப்போவது நாங்கள். அந்த வாகனத்தில் ஏறப்போவது எங்கள் பிள்ளைகள். தட்டிப் பார்க்கும் உரிமையும் எங்களுடையதே.