ஆண் கடலா, பெண் கடலா?

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் தல்லாகுளத்தில் எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். கூடத்து மூலையில் பாய்களும் தலையணைகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். எதிர்சேவை பார்க்க வந்த ஓரகத்தி குடும்பம், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சின்ன மாமனார் குடும்பம், இவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த வாண்டுகள் எல்லோரும் ஊருக்குப் போயாகிவிட்டது. பத்து நாளாக அடுப்படியை விட்டு நகராத வீட்டு அம்மாள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவாள்: "யாரும் என்னைத் தேடாத இடமாகப் பார்த்து, கடலோரமாக, மூன்று நாள் போய் இருந்துவிட்டு வர வேண்டும்!"

நியாயமான ஆசைதானே? அழகரே அந்த வெயிலில் ஆற்றில் இறங்கிவிட்டுத்தான் மலைக்குத் திரும்புகிறார். அம்மாளுக்கு மட்டும் தண்ணீர் ஆகாதா?

அப்படி ஆசைப்பட்டவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. சீட்டு எடுத்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார். கணவருக்கு மூட்டு வலி. படி ஏற முடியாது. அம்மாளுக்கு நீந்தத் தெரியாது. "தீவாக இருக்க வேண்டும், நல்ல உசத்தியான ஹோட்டலாக இருக்க வேண்டும், சந்தடி கூடாது. கட்டிலில் கிடந்தபடியே கடல் தெரிய வேண்டும். காபி நான் போடக் கூடாது" என்று நிபந்தனைகளை அடுக்கினார். ஹோட்டல்களின் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு: நீலக் கடல், சாய்ந்த தென்னை, இரண்டு நாற்காலி. ஆனால் அந்தக் கடல் எந்த மாசத்தில் நீலமாக இருக்கும் என்பது படத்தில் தெரியாது. முதலில் விசாரிக்க வேண்டியது ஹோட்டலை அல்ல, காற்றை!

மதுரைக்காரருக்குக் கைக்கெட்டிய தீவு ராமேஸ்வரம். தூரம் சுமார் 170 கிலோமீட்டர். 1914-ல் ரயில் பாலம் வந்தது; 1988-ல் சாலைப் பாலம்; 2025 ஏப்ரலில், நடுப்பகுதி நட்டகுத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் புது ரயில் பாலம். போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஊர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். ஜாகைகளும் அப்படியே. இப்போது உயர்தர ஹோட்டல்கள் வந்துவிட்டன என்றாலும் பெரும்பாலானவை கோயிலையும் பஸ் நிலையத்தையும் உத்தேசித்துக் கட்டியவை. ஜன்னலைத் திறந்தால் சமுத்திரம் என்று சொல்ல முடியாது. விடியுமுன் ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் புறப்படுகிறவர்கள் தாழ்வாரத்தில் வாளியும் செம்புமாக நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். ஆடி, தை அமாவாசைகளில் கேட்கவே வேண்டாம். அப்புறம், ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடாமல் திரும்பினேன் என்று எந்த மருமகளாவது மாமியாரிடம் சொல்ல முடியுமா? ஈரப் புடவையோடு ஓடுவதற்குப் பெயர் ஓய்வு அல்ல.

தீவிலேயே அழகான மணல் தனுஷ்கோடியில் இருக்கிறது. அங்கே இரவு தங்க இடம் கிடையாது. 1964 டிசம்பரில் அடித்த புயல் ரயில் நிலையம், தபாலாபீஸ், மாதா கோயில் எல்லாவற்றையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு போயிற்று. மாலை மங்குமுன் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பகலில் கட்டாயம் போய்ப் பாருங்கள். அரிச்சல்முனைச் சாலையில் நின்றால் வலப் பக்கம் ஒரு கடல், இடப் பக்கம் ஒரு கடல். ஒன்று சீறிக்கொண்டு வரும். மற்றது குளம் போலக் கிடக்கும். சீறுவது ஆண் கடல், அடங்கியிருப்பது பெண் கடல் என்று ஊரார் சொல்லுவார்கள். (பெயர் வைத்தவர் ஓர் ஆண் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.)

ஆனால் மீனவர்களைக் கேட்டால் இந்த ஆண், பெண் கணக்கு வருஷம் பூராவும் செல்லாது என்பார்கள். வைகாசி வாக்கில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, எழுந்தால் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணை அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் பாக் நீரிணைக்குக் கோபம் வந்துவிடும். மன்னார் வளைகுடா சாதுவாகிவிடும். தீவு குறுக்கே நின்று காற்றை மறிப்பதால் எப்போதும் ஒரு பக்கம் அமைதி. இந்தச் சூத்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பாம்பனுக்கு அப்பால் பாருங்கள். அடுத்த தீவு இலங்கை. அங்கேயும் இதே கதைதான், அளவுதான் பெரிது.

ஒரு காலத்தில் ரயிலில் தனுஷ்கோடி போய்ச் சேர்ந்து, கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார்கள். அந்த வழி 1964 புயலோடு போயிற்று. 2012-ல் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் தொடங்கியது. ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். பாஸ்போர்ட் வேண்டும், முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்க வேண்டும், விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவன, டிக்கெட் எடுக்கும் போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறங்கியபின் எந்தப் பக்கம் போவது? மேற்குக் கரையும் தெற்குக் கரையும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை சாந்தமாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கச்சான் அலை. குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி பறக்கும். அந்த மாசங்களில் கிழக்குக் கரை கண்ணாடி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிழக்கே மழையும் அலையும். ஆகவே பொங்கலையொட்டிப் போகிறவர்களுக்கு மேற்கு. சித்திரைத் திருவிழா கழித்துப் போகிறவர்களுக்குக் கிழக்கு. வைகாசியில் மேற்குக் கரை ஹோட்டல்கள் வாடகையைக் குறைத்து விளம்பரம் செய்யும். மயங்க வேண்டாம்; அந்தத் தள்ளுபடியைக் கொடுப்பது ஹோட்டல்காரர் அல்ல, கச்சான்! மழையையும் அலையையும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே சுகம் என்பவர்களுக்கு அதுவும் நல்ல பேரம்தான். கால் நனைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அல்ல.

மேற்கில் முதலில் கண்ணில் படுவது கல்கிசை, கொழும்பை ஒட்டியது. அங்குள்ள மவுண்ட் லவினியா ஹோட்டல் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார கவர்னர் மெயிட்லண்ட் வசித்த மாளிகை. லொவினா என்ற நடனக்காரியிடம் அவர் மனதைப் பறிகொடுத்து, அவள் ரகசியமாக வந்து போகச் சுரங்கம் வெட்டினார் என்று கதை சொல்லுவார்கள். தொடர்கதைக்கு ஏற்ற இடம். ஆனால் கல்யாணங்களுக்குப் பேர் போனது. பாண்டு வாத்தியமும் நிசப்தமும் ஓரிடத்தில் குடியிருக்குமா?

இன்னும் தெற்கே போனால் பெந்தோட்டை. விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணிக்குச் சற்று மேல் ஆகும். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், 1969-ல் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டல் அங்கே இருக்கிறது. பாவா முதலில் வக்கீல்; முப்பத்தெட்டு வயதில்தான் கட்டடக் கலையில் பட்டம் பெற்றார். வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் கண்ணாடிப் பெட்டி போலக் கட்டாமல் முற்றம், தாழ்வாரம், ஓட்டுக் கூரை என்று நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் பாணியில் கட்டினார். வரவேற்பு மண்டபத்தில் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். விதானம் முழுவதும் பாத்திக் துணி! எனா டி சில்வா என்ற பெண்மணியின் கைவண்ணம். சாயத்தில் தோய்த்த துணி என்றால் நம் சுங்குடிக்காரர்களுக்கு இளப்பமாகத் தோன்றலாம். அந்த விதானத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் கட்டடத்தையும் விதானத்தையும் புதுப்பித்து, ‘சின்னமன் பெந்தோட்டா பீச்’ என்ற பெயரில் நடத்துகிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அஹுங்கல்லவில் அவரே 1981-ல் கட்டிய ‘டிரைட்டன்’. இன்று ‘ஹெரிட்டன்ஸ் அஹுங்கல்ல’. வாசலில் காரை விட்டு இறங்கினால், மண்டபத்தின் ஊடே குளம் தெரியும், குளத்து நீர் கடலோடு கலந்தாற்போல் கிடக்கும். காலியில் அவர் கட்டிய ‘லைட்ஹவுஸ்’ பாறைக் கரையில் நிற்கிறது. கண்ணுக்கு விருந்து, காலுக்கு இல்லை. ஒரு எச்சரிக்கை: கொழும்பு–காலி ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. அறை ரயிலுக்கு எத்தனை தூரம் என்று கேட்டுவிடுங்கள்.

கிழக்குக் கரையின் கதை வேறு. யுத்தம் 2009-ல் முடியும் வரை உல்லாசப் பயணிகள் அங்கே எட்டிப் பார்ப்பது அபூர்வம். 2004 சுனாமியும் அந்தக் கரையைத் தாக்கிற்று. இன்று நிற்கும் ஹோட்டல்களில் பல அதற்குப் பிறகு எழுந்தவை, அல்லது எடுத்துக் கட்டியவை, நெருக்கம் குறைவு. திருக்கோணமலைக்கு வடக்கே உப்புவெளியும் நிலாவெளியும் நீண்ட மணல். எதிரே புறாத் தீவு. பவளப் பாறைகளுக்காக அதைத் தேசியப் பூங்காவாக்கி இருக்கிறார்கள். இன்னும் வடக்கே குச்சவெளியில் ‘ஜங்கிள் பீச்’ என்ற ஹோட்டல் புதர்க்காட்டுக்குள் குடில் குடிலாக ஒளிந்திருக்கிறது. கோயில் வேண்டாம் என்று கிளம்பியவர்களுக்கும் ஞானசம்பந்தர் பாடிய கோணேசுவரம் பாறை உச்சியில் காத்திருக்கிறது; பெருமாள் விட்டாலும் ஈசுவரன் விடுவதாக இல்லை! தெற்கே, மட்டக்களப்பு போகும் திசையில், பாசிக்குடா. அங்கே கடல் வளைந்து உள்ளே வந்திருக்கிறது. பவளத் திட்டு அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் வெகு தூரம் வரை முழங்கால், இடுப்பு அளவுத் தண்ணீரில் நடந்து போகலாம். நீந்தத் தெரியாத பெண்களுக்கு இதைவிட நம்பகமான கடல் எனக்குத் தெரியவில்லை.

குறை இரண்டு. ஒன்று, தூரம். விமான நிலையத்திலிருந்து திருக்கோணமலைக்கும் சரி, பாசிக்குடாவுக்கும் சரி, காரில் ஐந்தாறு மணி நேரம். இரண்டு, வெயில். கச்சான் மலையைத் தாண்டி வரும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு அனலாகக் கிழக்கே இறங்கும். ஆனி, ஆடி மத்தியானம் மதுரையை ஞாபகப்படுத்தும்.

நாள் குறிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ விடுமுறை. அழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமியன்று அங்கேயும் விடுமுறை. கொழும்புக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கடலோரம் வந்துவிடும். ஏப்ரல் நடுவில் அவர்களுக்குப் புத்தாண்டு. ஆகவே பௌர்ணமி கழிந்து, வாரத்தின் நடு நாட்களாகப் பாருங்கள். "அந்தத் தேதிகளில் கல்யாணம், கம்பெனி மகாநாடு ஏதாவது உண்டா?" என்று பச்சையாகவே கேளுங்கள். ‘கடல் தெரியும் அறை’ என்றால் பக்கவாட்டில் கழுத்தை நீட்டினால் தெரியும் என்றும் அர்த்தம் இருக்கலாம். கடலைப் பார்த்த அறையா, தரைத் தளமா, மணலுக்கு எத்தனை படி என்று கேளுங்கள். மணல் அங்கே பொதுச்சொத்து. எந்த ஹோட்டலும் வேலி போட முடியாது. மீன்பிடி வலையும் படகும் பக்கத்தில் இருந்தால் விடியற்காலைச் சத்தமும் வாசனையும் சேர்த்துத்தான் வாடகை.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆப்பம், இடியாப்பம், சொதி எல்லாம் தேவாமிர்தம். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கூட்டுகளிலும் மாசி என்ற உலர்ந்த மீன் தூளைப் போடும் வழக்கம் அங்கே உண்டு. "மீன் இல்லையே?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது; "மாசி போடாமல்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் ஆசிரியை அம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று நாளில் போக வர ஆகும் பொழுதைக் கழித்தால் கடலுக்கு மிஞ்சுவது ஒன்றரை நாள். தை மாசம் வரை தள்ளிப்போட்டுப் பெந்தோட்டைக்குப் போகலாமே என்றார் கணவர். "தை மாசம் உங்கள் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம், அப்புறம் யார் என்னை விடப் போகிறார்கள்?" என்றார் அம்மாள். மூன்று நாளை ஐந்து நாளாக்கினார். போகும் வழியில் கணவரின் காலுக்காக தம்புள்ளையில் ஓர் இரவு தங்கல். சீட்டுப் பணம் சரியாகப் போயிற்று.

பாசிக்குடாவில் தரைத் தள அறைக்காக அவரே தொலைபேசியில் பேசினார். கல்யாணம், படி, மாசி என்று கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்தார். மறுமுனையில் இருந்த பையன் மட்டக்களப்புத் தமிழில் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"மாசி போட மாட்டம். காலையில கோப்பி எத்தனை மணிக்கு அறைக்குக் கொண்டு வரட்டும், அம்மா?"