அத்தை ஓட்டிய நூல்

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் அச்சன்புதூரிலும் இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. கடைக் கம்பளி உடம்பில் குத்தும். பழைய நூல் சேலையை மூன்றாக அடுக்கித் தைத்த போர்வைதான் இதம். இதில் தைப்பதைவிட, அதற்கு முன் அடுக்கி நூலோட்டுவதுதான் பெரிய வேலை.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சுதான். தையல் வகுப்பில் கன்னிகாஸ்திரீ 'பாத்தீர்' என்பார். எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். பிரெஞ்சில் அதற்கு வீடு கட்டுவது என்றும் பொருள், பெரிய பெரிய தையலாக நூலோட்டி வைப்பது என்றும் பொருள். 1975இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது, இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு இருந்தது.

மகள் பிறந்த சமயம், ஆபீஸ் விடுப்பு முடியப்போகிற அவசரத்தில் நூலோட்டாமலே ஒரு போர்வையைத் தைக்க உட்கார்ந்தேன். பாதி தாண்டியதும் அடித்துணி ஒரு பக்கமாகச் சுருண்டு சேர்ந்துவிட்டது. பிரித்தால், சேலை இற்றுக் கிழிந்தது. மாமா கடைசியாக அத்தைக்கு எடுத்துக் கொடுத்த சின்னாளப்பட்டிச் சேலை அது. அத்தை திட்டவில்லை.

"துணி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்ளா. முதல்ல சேத்துப் பிடிக்கணும்" என்றார்கள். கிழிந்ததை நடு அடுக்கில் வைத்தார்கள்.

அத்தை முறை இது. சேலைகளைக் கஞ்சி போக இரண்டு மூன்று தடவை அலசவேண்டும். இல்லாவிட்டால் புதியது பின்னால் சுருங்கிப் போர்வை கோணும். 5.5 மீட்டர் சேலையை மூன்றாக வெட்டினால் ஆள் நீளம் வரும். அடித்துணியை நான்கு விரல் பெரிதாக விட்டுத் தரையில் விரித்து, மூலைக்கு ஒரு பாரம்: அம்மிக்குழவி, இரும்பு உரல், இரண்டு படி. விறைப்பாக இழுக்கக் கூடாது. பாரத்தை எடுத்ததும் அது சுருங்கும், மேல்துணி தொளதொளக்கும். ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவவேண்டும். ஊசியும் நடுவில்தான் இறங்கும். முதலில் குறுக்கும் நெடுக்குமாக, பிறகு சாணுக்கு ஒரு வரிசை. ஓரத்தில் தொடங்கினால் மிச்சத் துணி நடுவில் புடைக்கும். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள்; துண்டுத்துணிகளை வைத்து வைத்தே தைப்பதால் அவர்களுக்குச் சரிப்படும். நம் முழுச்சேலைக்கு ஆகாது. நூல் கண்ணில் படும் நிறமாக இருக்கவேண்டும். நுனியில் முடிச்சு கிடையாது, தைத்து முடித்ததும் உருவியெடுக்கத்தானே!

1998 ஐப்பசியில் அத்தை இப்படி ஒன்றைச் சிவப்பு நூலால் ஓட்டி மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். வருஷா வருஷம் பெட்டியிலிருந்து எடுப்பேன், வெயிலில் போடுவேன், திரும்ப வைத்துவிடுவேன். தைத்தால் அந்த நூலை உருவவேண்டுமே.

இந்த வருஷம் பேத்திக்குப் பிரசவம். வைகாசியில் தைக்கத் தொடங்கினேன். முட்டி மடங்காததால் தரையில் இல்லை, சாப்பாட்டு மேசையில். அத்தை கை ஓட்டம் என்னுடையதைவிட நேர். ஒரு வரிசைகூடக் கோணவில்லை. தைத்து முடித்த இடத்திலெல்லாம் நூலை உருவிவிட்டேன். ஓரத்து வரிசை ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். மகள் கேட்டால், கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.