தென்காசிச் சாரலிலே

வடக்கே இமயமலை அடிவாரத்தில் டேராடூன் நகரம் இருக்கிறது. அதன் மேலே முசூரி மலைவாசத்தலம்; சுற்றுவட்டாரத்தில் ஹரித்துவாரும் ரிஷிகேசமும்; ரூர்க்கிக்கு அருகே ஹஜ்ரத் சாபிர் அவர்கள் அடங்கியுள்ள கலியர் ஷரீஃப். விடுமுறைக்கு அங்கெல்லாம் சென்றுவர எல்லாக் குடும்பங்களுக்கும் வசதி இராது. ஆனால் மலையும் நீரும், பல சமயத்தார் நாடிவரும் தலங்களும் ஒருங்கே அமைந்த அடிவார நகரம் ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. அதுதான் தென்காசி.

அம்பத்தூர், ஆவடி வாசகர்கள் சென்னையில் இரவு பொதிகை விரைவு வண்டியில் ஏறினால், மறுநாள் காலை தென்காசியில் இறங்கலாம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று சாரலாய்த் தூவும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என ஒவ்வோர் அருவிக்கும் ஓர் அழகு. பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனியிடமும் உண்டு.

நாங்கள் குடும்பத்துடன் சென்ற அன்று பேரருவியில் குளிக்கத் தடை. காவலர்கள் எவரையும் அருகில் விடவில்லை. "ஊரில் மழையே இல்லையே அத்தா, ஏன் தடுக்கிறார்கள்?" என்று என் மகன் முகம் வாடினான். மேலே பார்க்கச் சொன்னேன். மலையுச்சி தெரியாதபடி கருமேகம் கவிந்திருந்தது. அருவி நீரும் செந்நிறமாகக் கலங்கியிருந்தது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்ததை அவனுக்குச் சொன்னேன். அருவி நீர் நாம் நிற்கும் இடத்தில் பிறப்பதன்று. கண்ணுக்கெட்டாத காட்டில் பெய்வது சிறிது நேரத்தில் கீழே வந்து சேர்கிறது. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியை அறிந்த நமக்கு இது புதிதா? 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை வீடுகளில் புகுந்த வெள்ளம், அந்தந்தத் தெருவில் பெய்த மழை மட்டுமா? மேலிருந்து வந்த நீரும் அதில் சேர்ந்திருந்ததல்லவா?

அந்தப் பகலை வீணாக்காமல் கடையத்தை அடுத்த பொட்டல்புதூருக்குச் சென்றோம். அங்குள்ள தர்கா முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் அமைந்தது. அப்பெருமகனார் 1166இல் மறைந்து பக்தாதில் அடங்கியுள்ளார்கள். பொட்டல்புதூரில் இருப்பது அவர்களின் நினைவிடமே. கல் தூண்களும் மண்டபங்களுமாகத் தமிழ்நாட்டுக் கோயிற்கலைப் பாணியில் எழுந்த கட்டடம் அது. இந்துச் சகோதரர்களும் திரளாக வருகிறார்கள். அந்த நிழலில் அமர்ந்தபோது மகனின் முகவாட்டம் மறைந்திருந்தது. பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரைச் சுருக்கித் தொழுதோம்.

மறுநாள் விடியலில் தடை நீங்கியது. ஃபஜ்ர் தொழுத கையோடு அருவிக்குச் சென்றோம். கூட்டமும் குறைவு. தலையில் நீர் விழுந்ததும் அவன் எழுப்பிய மகிழ்ச்சிக் கூச்சல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்!

அன்பர்களே, இன்ஷா அல்லாஹ் வரும் பருவத்தில் நீங்களும் சென்று வாருங்கள். ஆனால் அருவியைப் பார்க்குமுன் மலையைப் பாருங்கள். மேலே கறுத்திருந்தாலோ, நீர் கலங்கினாலோ, காவலர் அழைக்குமுன்பே பிள்ளைகளைக் கரையேற்றி விடுங்கள். ஒரு நாள் குளியல் தவறினால் மறுநாள் கிடைக்கும். நம்மை நம்பி உடன்வந்த பிள்ளைகளோ இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.