முந்நீரில் இருவர்

பொருள் தேடிக் கடல்வழிச் செல்லுந் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் மரபன்று என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. மணிமேகலையிலும் அவ்வாறே. சாதுவன் ஏறிய கலம் உடைகின்றது. அவன் ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகின்றான். ஆதிரையோ ஊரிலிருந்து, கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்புகத் துணிகின்றாள். கடல் ஆடவனுக்கு, காத்திருத்தல் பெண்ணுக்கு. உலகெங்கும் நெடுங்காலம் இருந்த வழக்கம் இதுவே எனலாம்.

இவ்வழக்கத்திற்கு முற்றும் மாறான ஒரு வரலாற்றைச் சென்ற விடுமுறையில் யாம் படித்தோம். பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து ஓய்வுபெற்ற மைல்ஸ் சிமீற்றன் என்பவரும் அவர் மனைவியார் பெரிலும் மேற்கொண்ட கடற்பயணம் அது. 1959 ஆம் ஆண்டில் மைல்ஸ் எழுதி வெளியிட்ட நூல் அதனை விரித்துரைக்கின்றது. மாலை வேளைகளில் அதன் பகுதிகளைத் தமிழிற் சொல்ல, எம் இல்லத்தரசியார் அரிசியிற் கல் பொறுக்கியவாறே கேட்டிருந்தார்.

அவர்களுடைய படகின் பெயர் சூ ஹாங். 1938 இல் ஹொங்கொங்கிற் கட்டப்பட்டது, 46 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள். 1956 டிசம்பரில், ஐம்பது வயதை எட்டிய அத்தம்பதியர் அவுஸ்திரேலியாவின் மெல்போண் துறையிலிருந்து புறப்பட்டனர். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹோண் முனையைச் சுற்றி, இங்கிலாந்திற் படித்துக்கொண்டிருந்த தம் மகளிடஞ் செல்வது நோக்கம். ஜோன் கஸ்வெல் என்னும் இளைஞர் துணையாக வந்தார். தன் கையாலே சிறு படகொன்றைக் கட்டித் தனியாகக் கடலோடியவர் அவர். ப்வே என்ற சீயப் பூனையும் உடன் சென்றது.

தென்சமுத்திரத்தின் இயல்பை மாணவர் தேசப்படத்தைப் பார்த்தே உணரலாம். அங்கே மேல்காற்றைத் தடுக்க நிலமில்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி வீசும் அக்காற்றினால் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் ஓடி மலைபோல் உயர்கின்றன. அவற்றின் முன்னே ஓடும் சிறு படகின் பின்புறம் சில வேளை மேலெழுந்து, முன்னணியம் நீரிற் புதைந்து, படகு தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும்.

1957 பெப்ரவரி 14 ஆம் நாள் நிகழ்ந்தது அதுவே. அப்போது சிலி நாட்டுக் கரை ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. வேகத்தைக் குறைக்கக் கனத்த வடமொன்றைப் பின்னே இழுத்துக்கொண்டு படகு ஓடியது. சுக்கானைப் பிடித்திருந்தவர் பெரில். ஆடவர் இருவரும் உள்ளே இருந்தனர். பின்னால் நீர்ச்சுவரொன்று எழுந்தது. அடுத்த கணம் அவரைப் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. அவர் கடலில் வீழ்ந்தார். மைல்ஸ் மேலே வந்து பார்த்தபோது இரு பாய்மரங்களும் இல்லை, சுக்கான் இல்லை, மேற்றட்டிலிருந்த சிற்றறை இருந்த இடத்திற் பெருந்துவாரம். மனைவியார் தலையிற் குருதி வழிய, சற்றுத் தொலைவில் அலைமீது காணப்பட்டார். தோளிற் காயமுற்றிருந்தும் அவர் நீந்திவந்து, கயிறுகளோடு மிதந்த முறிந்த மரத்தைப் பற்றினார். இருவருஞ் சேர்ந்து அவரைத் தூக்கி ஏற்றினர்.

சாதுவன் பற்றியதும் முறிந்த மரமே. ஆயின் இங்கே மரத்தைப் பற்றியவர் ஆதிரை.

படகு நிறைய நீர். மைல்ஸின் உள்ளத்தில் நம்பிக்கை ஏறக்குறைய அற்றுவிட்டது. ஆயினும் காயம்பட்ட பெரிலும் வாளி எடுத்து நீர் இறைத்தார். மூவரும் மணிக்கணக்காக இறைத்தனர். கஸ்வெல் கிடைத்த பலகைகளையும் பாய்த்துணியையும் கொண்டு துவாரத்தை அடைத்தார். பின்னர் எஞ்சிய மரத்துண்டுகளாற் சிறு பாய்மரம் அமைத்து, சுக்கானுக்குப் பதிலாகத் துடுப்பொன்று செய்து, ஐந்து வாரங்களுக்கு மேல் ஓட்டி, மார்ச்சு மாதத்தில் சிலியின் கொரொனெல் துறையை அடைந்தனர். நனைந்து விறைத்த பூனையும் பிழைத்துக்கொண்டது.

போக எண்ணாத நாடு அது. நிலக்கரி ஏற்றும் அத்துறைமுகத்தில் அவர்களை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆயினும் அந்நாட்டார் ஆதரித்தனர். தல்காவானோவிலுள்ள சிலிக் கடற்படைத் தளத்திற் படகு செப்பனிடப்பட்டது. தாமே தெரிந்தெடுத்த நாட்டில் வந்திறங்குபவன் அதன் கட்டடங்களையும் கடைத்தெருவையும் முதலிற் காண்கின்றான். கடலால் ஒதுக்கப்பட்டு வருபவன் முதலிற் காண்பது அந்நாட்டு மனிதரின் கைகளையே.

அவ்வளவில் நிறுத்தினார்களா? இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் தனித்து மீண்டும் புறப்பட்டனர். நத்தாருக்கு மறுநாள் படகு மறுபடியும் உருண்டு பாய்மரங்களை இழந்தது. மறுபடியும் சிலிக்கே திரும்பினர். ஹோண் முனையை அவர்கள் வென்றது 1968 டிசம்பரில். அதுவும் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக.

இவ்விடத்தில் எம் இல்லத்தரசியார் சுளகைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் ஒரே படகில் உயிரைப் பணயம் வைப்பது எந்த நியாயம்? யாம் வீரத்தைப் பற்றிச் சிறிது சொல்லிப் பார்த்தோம். அவர் ஏற்கவில்லை. அக்கேள்வியின் நியாயத்தை யாமும் மறுக்கமாட்டோம். இரு பிள்ளைகளின் பெற்றோராகிய எமக்கு அத்துணிவு வராது. வரவேண்டும் என்றும் விரும்பவில்லை.

ஆயினும் சிறிது நேரங் கழித்து அவரே மற்றொன்றுஞ் சொன்னார்: அந்தப் பெண் கடலுக்குப் போனது பெரிதன்று, புருஷன் மனந்தளர்ந்த நேரத்தில் வாளியைத் தூக்கினாளே, அதுதான் பெரிது, அது எந்த வீட்டிலும் நடப்பது.

எத்தனை நூல்களைக் கற்றும் எமக்குத் தோன்றாத உரை இது. கடன், நோய், பிள்ளையின் தோல்வி, ஊர்விட்டு ஊர் பெயர்தல் என்று இல்லறத்தின் மேல் வரும் அலைகளும் பல. அவ்வேளையில் இருவருள் ஒருவர் சோர்வது இயல்பு. சோராதவர் யார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ஆண் என்றும் பெண் என்றும் அதற்கு விதியில்லை. இல்லறத்திற் புகவிருக்கும் மாணவர் சுக்கான் யார் கையில் இருக்கவேண்டும் என்று இப்போதே வழக்காடுகின்றனர். சுக்கான் அலையோடு போய்விடும் நாளும் உண்டு. அன்று வேண்டப்படுவது, நீர் இறைக்க இரண்டு சோடிக் கைகள்.