ரத்தத்தில் இல்லை

ஜாஸ் என்றால் வலியின் இசை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், நம் தோழர்களும்தான். கறுப்பர்களின் ரத்தத்திலேயே தாளம் ஓடுகிறது என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குப் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்பது பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’. ஓடுவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். எடுத்த எடுப்பிலேயே டிரம்பெட் தனியாக ஏறி இறங்குகிறது, துணைக்கு ஒரு கருவி கிடையாது. நடுவில் கிளாரினெட் ஒரு வரி ஊத, ஆம்ஸ்ட்ராங் சொல்லே இல்லாமல் வாயால் பதில் பாடுகிறார். ரெண்டு பேர் திண்ணையில உக்காந்து பேசிக்கிற மாதிரி இருக்கும். பிறகு எர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசியில் டிரம்பெட் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனுசன் எப்பய்யா மூச்சு விடுவார் என்று நான் மூச்சடக்கிக் கேட்பேன்.

இது ரத்தத்தில் வந்ததா? நியூ ஆர்லியன்ஸில் கறுப்புச் சிறுவர்களை அடைத்துவைத்த இல்லமொன்றில் அவர் கார்னெட் பயின்றார். பிறகு கிங் ஆலிவர் ஆசானானார். 1922இல் சிகாகோவுக்கு அழைத்துத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ ஆலிவர் உருவாக்கிய இசைதான். ஆசானின் இசையை எடுத்து அதை வேறொன்றாக்கியபோது சீடருக்கு வயது 26.

அந்தத் தட்டை வெளியிட்ட ஓகே நிறுவனம், கறுப்பர்களுக்கென ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனி வரிசை வைத்திருந்தது. தட்டுக்கும் ஒரு சேரி. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தபோது அதில் வாசித்தவர்களோ வெள்ளையர்கள்.

எங்க சித்தப்பா பறையடிப்பார். தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஒலி பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் காய்ச்சுவார். அடி பிந்தினால் குச்சி என் முழங்கையில் விழும். கல்லூரியில் ஒரு பேராசிரியர், ‘உங்க ஆளுகளுக்கு இது ரத்தத்துலயே ஊறுனதுப்பா’ என்றார். புகழ்வதாகத்தான் நினைத்திருப்பார். சித்தப்பாவின் இத்தனை வருசப் படிப்பு ஒரே வார்த்தையில் காணாமல் போனது.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959 ஆகஸ்ட் 17இல் வெளியானது. எட்டே நாளில், தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் பேர்ட்லாண்ட் கூடத்தின் வாசலிலேயே போலீஸ் அவர் மண்டையை உடைத்தது. இதை மறக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டில் ஒப்பாரி இல்லை. எந்த இடத்தில் வாசிக்காமல் விடுவது என்று தெரிந்தவரின் நிதானம் இருக்கிறது. அடியை மட்டும் தேடிக் கேட்கிறவருக்கு அந்த நிதானம் காதில் விழாது.

ஒடுக்கப்பட்டவன் அழுதால் உலகம் கலை என்கிறது. யோசித்தான், பழகினான், திளைத்தான் என்றால் நம்ப மறுக்கிறது. தோழர்களே, அந்த மூன்று நிமிடத்தை ஒருமுறை அனுதாபப்படாமல் கேளுங்கள். அதிலுள்ள மூளையையும் உழைப்பையும் கேளுங்கள். அப்புறம் நம்ம ஊர்ப் பறையையும் அதே காதால் கேளுங்கள்.