பாலுக்குச் சட்டை தைத்த ஊர்

தெற்கு ஸ்வீடனில் இருக்கிறது லுண்ட். 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்குள் பழங்கால வானியல் கடிகாரம், 1666-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், தெருவெல்லாம் மாணவர்களின் சைக்கிள்கள். சுற்றுலா வருபவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், ஸ்ட்ரா குத்தி நம் பிள்ளைகள் ஜூஸ் குடிக்கிறார்களே, அந்த டெட்ரா பேக் பிறந்ததும் இங்கேதான்!

பால் பாட்டில்கள் கனமானவை, உடையக்கூடியவை, கழுவி மாளாதவை. மாற்றாக மலிவான காகித உறையைத் தேடினார் தொழிலதிபர் ரூபன் ராவ்சிங். 1944-ல் அவரது ஆய்வக உதவியாளர் எரிக் வாலன்பெர்க், காய்ச்சலில் கிடந்தபோது பொறி தட்டியது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் குறுக்காகவும் மறுமுனையை நெடுக்காகவும் அழுத்தினால், நான்கு முக்கோணப் பக்கங்களோடு ஒரு பொட்டலம்! நம்மூர் கடலைப் பொட்டலத்துக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம்.

காற்று புகாமல் எப்படி மூடுவது? ராவ்சிங்கின் மனைவி எலிசபெத் வழி சொன்னார். சாசேஜ் செய்பவர்கள் நிரப்ப நிரப்ப முடிச்சுப் போடுவதுபோல, குழாயில் பால் நிறைந்திருக்கும்போதே, பாலின் ஊடாகவே சூடாக அழுத்தி ஒட்டிவிடலாமே! சமையலறை தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும்.

1951-ல் லுண்டில் நிறுவனம் உருவானது. மறுவருடம் உள்ளூர்ப் பால்பண்ணையில் முதல் இயந்திரம், 100 மில்லி க்ரீம் பொட்டலங்களைப் போடத் தொடங்கியது. இன்றைய செங்கல் வடிவம் வந்தது 1963-ல்.

காப்புரிமை விண்ணப்பம் போனது ராவ்சிங் பெயரில். வாலன்பெர்க்குக்கு ஸ்வீடனின் ராயல் பொறியியல் அகாடமி தங்கப் பதக்கம் அளித்தது 1991-ல். அந்தக் காய்ச்சல் விட்டு 47 வருடங்கள் ஓடியிருந்தன.