மகிழ்ச்சியை அளக்கும் நாட்டில் ஓர் உடை

மேற்கு வங்காளத்தின் கடைசி ஊர் ஜெய்காவ். ரயிலில் ஹாசிமாரா வரை போய், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடாக வண்டி பிடித்தால் அங்கே சேரலாம். லாரிகளின் ஒலிப்பான், பழ வண்டிகள், தேநீர்க் கடைகள், துணிக்கடைகள் என்று சந்தைத் தெருவுக்குரிய இரைச்சல் எல்லாம் அங்கே உண்டு. அந்தத் தெருவின் ஓரத்தில் ஒரு மதில். மதிலில் டிராகன் வேலைப்பாடு கொண்ட ஒரு வாயில். தாண்டினால் பூட்டானின் புன்ட்சோலிங். அனுமதிச் சீட்டு அலுவலகத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் முழங்கால் அளவுக்குத் தூக்கிக் கட்டிய அங்கியும், நீண்ட காலுறையும், கை நுனியில் வெள்ளை மடிப்புமாக இருந்தார்கள். பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் ‘கீரா’ என்னும் சுற்றுடையிலும் பட்டு மேற்சட்டையிலும் இருந்தார்கள். நடுவே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒரு மதிலின் அகலத்துக்குள் உடை முழுவதும் மாறிப்போகும் இடம் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூட்டானுக்குப் போகும் எல்லோரையும் போல நானும் அந்த மகிழ்ச்சிக் கணக்கைத் தேடித்தான் போனேன். நாட்டின் வளத்தைப் பண உற்பத்தியால் மட்டும் அளக்கக் கூடாது, மக்களின் மகிழ்ச்சியாலும் அளக்க வேண்டும் என்று நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970களில் சொன்னார். 2008இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மொத்தத் தேசிய மகிழ்ச்சிக்கான சூழலை உண்டாக்க முயல்வதை அரசின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே இறங்கிய நாள் முதல் என் கண்ணை விட்டு அகலாதது உடைதான். போகப் போக, மகிழ்ச்சியைப் பற்றி நான் கேட்க விரும்பிய கேள்விகளுக்கும் அந்த உடையே பதில் வைத்திருந்தது.

ஆண்கள் உடுத்தும் அங்கியை ‘கோ’ என்கிறார்கள். விரித்துப் போட்டால் பாதம் வரை வரும். அதை முழங்கால் அளவுக்குத் தூக்கி, பின்புறம் இரண்டு மடிப்பு வைத்து, ‘கேரா’ என்னும் நெய்த கச்சையால் இறுக்கிக் கட்ட வேண்டும். வேட்டி கட்டிப் பழகிய கைக்கும் அது வசப்படாது. பின் மடிப்பு நேராக விழ இன்னொருவர் வேண்டும். எங்கள் ஓட்டுநர் எனக்குக் கட்டிவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும். தெற்கே சம்சி மாவட்டத்துக்காரர், வீட்டில் நேபாளி பேசுபவர். “மூச்சை உள்ளே இழுங்க சார்” என்று சொல்லிக் கச்சையை அவர் இறுக்கியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. அன்று முழுவதும் என்னால் கூனி உட்கார முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தொடங்கி மன்னர் வரை இதே வெட்டு, இதே கட்டு. துணியின் தரம் மாறும், வடிவம் மாறாது.

தூக்கிக் கட்டுவதால் வயிற்றுக்கு மேலே ஒரு பெரிய பை உண்டாகிறது. முன்காலத்தில் அதற்குள் மரக்கிண்ணமும், சிறு கத்தியும், வெற்றிலை பாக்கும் இருந்தனவாம். கிண்ணம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. வெற்றிலை பாக்கு அப்படியே இருக்கிறது. ‘தோமா’ என்று அதைச் சொல்கிறார்கள். ஈரப் பாக்கை வெட்டி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் மடித்து, முன்பின் தெரியாத என்னிடம் அங்கிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார் ஒரு பெரியவர். குளிருக்கு இதமாக உடம்பு சூடேறியது. இமயத்தின் மடியில் ஒருவர் வெற்றிலை கொடுத்து வரவேற்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இந்த உடைக்கு வயது ஏறக்குறைய நானூறு. 1616இல் திபெத்திலிருந்து வந்து, சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கிய ஷப்துருங் நவாங் நம்கியால், தம் மக்கள் திபெத்தியரிடமிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்று இதை ஏற்படுத்தினார் என்கிறார்கள். உடை, வணக்கம், உணவு, பெரியோர் முன் நிற்கும் முறை எல்லாவற்றையும் வகுக்கும் ஒழுங்குக்கு ‘திரிக்லம் நம்ஷா’ என்று பெயர். வடக்கே திபெத், தெற்கே இந்தியா. நடுவே எட்டு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு. தன் முகத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்ற அச்சம் அதற்கு இருந்ததில் வியப்பில்லை.

திம்புவின் சாங்லிமிதாங் திடலில் வில்வித்தை நடந்தது. நான் பார்த்த காட்சிகளில் இதை மறக்கவே முடியாது. இலக்கு 145 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர்தான். அகலம் குறைந்த ஒரு மரப் பலகை, அவ்வளவுதான். அம்பு போவதே நம் கண்ணுக்குத் தெரியாது. வில்லாளிகள் எல்லோரும் கோ அணிந்தே ஆடுகிறார்கள். வலக்கையை மட்டும் அங்கியிலிருந்து உருவி, சட்டைக்கையோடு நாணை இழுக்கிறார்கள். இலக்கின் பக்கத்திலேயே எதிரணிக்காரர்கள் நின்று கேலி பேசுகிறார்கள். அம்பு பலகையில் தைத்தால் போதும், அணியினர் வரிசையாக நின்று பாடிக்கொண்டே காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுகிறார்கள். அடித்தவர் ஒரு வண்ணத் துணியை இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்கிறார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு துணி. பொழுது சாயும்போது தேர்ந்த வில்லாளியின் இடுப்பில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பத்துப் பன்னிரண்டு துணிகள் பறந்தன. நரை விழுந்த ஒருவர் அந்தத் துணிகளோடு சுழன்று ஆடியபோது திடல் முழுக்கச் சிரித்தது. மகிழ்ச்சியை இடுப்பில் கட்டிக்கொள்ளும் மனிதர்களை அங்கேதான் கண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு மேல் தஷிச்சோ சோங்குக்குள் விடுகிறார்கள். சோங் என்றால் கோட்டை; மடாலயமும் அரசுச் செயலகமும் அந்த ஒரே கோட்டைக்குள் இருக்கின்றன. உள்ளே நுழையும் பூட்டானியர் ஆண் என்றால் இடத்தோளிலிருந்து ‘கப்னே’ என்னும் நீண்ட துண்டும், பெண் என்றால் ‘ராச்சு’ என்னும் பூவேலைத் துண்டும் போட்டிருக்க வேண்டும். கப்னேயின் நிறம் ஆளைச் சொல்லிவிடும். மஞ்சள் மன்னருக்கும் தலைமைத் துறவிக்கும் உரியது. அமைச்சருக்கு ஆரஞ்சு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலம், நீதிபதிக்குப் பச்சை, மன்னரால் சிறப்பிக்கப்பட்டவருக்குச் சிவப்பு, குடிமக்களுக்கு வெள்ளை. பதவியைத் தோளில் போட்டு நடப்பது எனக்கு உவப்பாக இல்லை; ஓட்டுநரிடம் அதைச் சொன்னேன். “வெள்ளைதான் சார் அதிகம். திருவிழாவில் வந்து பாருங்க” என்றார்.

திருவிழாவிலும் பார்த்தேன். முகமூடி நடனம் நடக்கும் முற்றத்தைச் சுற்றிப் பல்லாயிரம் பேர். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கீராக்கள் எல்லாம் அன்று வெளியே வருகின்றன. கிழக்கே லுன்ட்சே மாவட்டத்தின் கோமா கிராமத்தில் நெய்யும் ‘கிஷுதாரா’வைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண்மணி இசைந்தார். பூத்தையல் வேலை என்றே முதலில் தோன்றும். உண்மையில் ஊசி படாத நெசவு. பின்பட்டைத் தறியில் நெசவுப் பெண் தரையில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிய தோல்பட்டையால் பாவை இழுத்துப் பிடித்து, உபரி ஊடு இழைகளை ஒவ்வொன்றாக விரலால் கோத்து உருவம் எழுப்புகிறார். உடல் சற்றுத் தளர்ந்தாலும் பாவு தளர்ந்துவிடும். நல்ல கிஷுதாரா ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். விலை லட்சத்தைத் தாண்டும். காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் பக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்த உழைப்பு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதே உருவங்களை இயந்திரத்தில் நெய்து மலிவாக விற்கும் கடைகள் ஜெய்காவில் வரிசையாக இருப்பதும் தெரியும். கைத்தறியின் துயரம் எல்லை பார்ப்பதில்லை.

இப்போது அந்த மகிழ்ச்சிக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். மன நலம், உடல் நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, ஊர் ஒற்றுமை, சூழல், வாழ்க்கைத் தரம் என்று ஒன்பது துறைகள். அவற்றில் 33 குறியீடுகள். எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், அண்டை வீட்டாரை நம்புகிறீர்களா, காட்டு விலங்கு பயிரை அழிக்கிறதா என்றெல்லாம் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். 2010இல் 100 பேரில் 40.9 பேர் மகிழ்ச்சியானவர்கள் என்று கணக்கானது. 2022இல் அது 48.1 ஆனது. பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதை மறைக்காமல் வெளியிட்ட நேர்மையை நான் மதிக்கிறேன். பண்பாட்டுத் துறையின் நான்கு குறியீடுகளில் ஒன்று திரிக்லம் நம்ஷா. உடையும் ஒழுங்கும் அங்கே மகிழ்ச்சியின் அலங்காரம் அல்ல, அதன் அளவுகோலிலேயே ஒரு கோடு.

அந்தக் கோட்டில்தான் ஒரு பெரும் துயரமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பூட்டானைப் பற்றி எழுதுவது தவறு.

தெற்கு அடிவாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடியேறி, காடு திருத்தி, ஆரஞ்சும் ஏலமும் வளர்த்தவர்கள் லோட்சாம்பா எனப்படும் நேபாளி பேசும் மக்கள். 1985இல் வந்த குடியுரிமைச் சட்டம், 1958 டிசம்பர் 31க்குள் நாட்டில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டது. 1989 ஜனவரியில் தேசிய உடையை எல்லோரும் அணிய வேண்டும் என்று அரசாணை வந்தது. அதே ஆண்டில் பள்ளிகளிலிருந்து நேபாளி மொழிப் பாடம் எடுக்கப்பட்டது. நேபாளிகளின் மரபு உடையான தௌரா சுருவாலும் தொப்பியும் அணிந்த ஆண்களும், புடவை உடுத்திய பெண்களும், புழுக்கம் மிகுந்த அந்தச் சமவெளியில், பனிமலைக்கென்று பிறந்த உடைக்குள் போகும்படி ஆனது. அணியாதவர்களுக்குத் தண்டம். 1990இல் போராட்டம் வெடித்தது, கைதுகள் நடந்தன, பின்னர் ஊர் ஊராக வெளியேறினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மொரங் மாவட்டங்களில் மூங்கில் குடிசை முகாம்களில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிடந்தார்கள். 2007இல் தொடங்கிய மறுகுடியேற்றத்தில் எட்டு நாடுகள் அவர்களை ஏற்றன. பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள்.

உடை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். மக்கள் தொகை பற்றிய பயமும், இந்தியாவோடு இணைந்துபோன சிக்கிமின் கதையும் பின்னால் இருந்தன. ஆனாலும் அதிகாரம் அந்தக் குடும்பங்களைத் தொட்ட இடம் உடம்பு மேல் இருந்த துணி. கிழக்கே மெராக், சக்தெங் பகுதிகளின் ப்ரோக்பா மேய்ப்பர்கள் மழைநீர் வடிய ஐந்து வால்கள் தொங்கும் யாக் மயிர்த் தொப்பி போடுகிறார்கள். வடக்கே லாயா பெண்கள் கூம்பு வடிவ மூங்கில் தொப்பி வைத்துக்கொள்கிறார்கள். அவை நாட்டின் பெருமையாகக் காட்டப்படுகின்றன. மேய்ப்பரின் தொப்பிக்கு இருந்த இடம் உழவரின் தொப்பிக்கு ஏன் இல்லாமல் போனது?

இன்று நிலைமை அவ்வளவு இறுக்கமாக இல்லை. அலுவலகம், பள்ளி, சோங், சடங்குகள் ஆகியவற்றில்தான் கட்டாயம். மாலையில் திம்புவின் இளைஞர்கள் ஜீன்ஸில் திரிகிறார்கள். தசைன் பண்டிகைக்கு அரசு விடுமுறை உண்டு; அன்று ஓட்டுநர் தம் வீட்டில் தௌரா சுருவால் அணிவாராம். மலைப்பாதையில் இறங்கிவரும்போது இந்த உடைக் கட்டாயத்தைப் பற்றி அவரிடம் கேட்டே விட்டேன். வண்டியை ஓரம் கட்டவில்லை, குரலும் மாறவில்லை. “இதுவும் என் உடைதான் சார். சின்ன வயசிலிருந்து போடுகிறேன், பிடிக்கும். என் அப்பாவிடம்தான் யாரும் கேட்கவில்லை” என்றார்.

அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வில் திடலில் ஆடிய அந்த மனிதருக்குக் கச்சையில் பறந்த துணி தந்த மகிழ்ச்சி உண்மையானது. அதே துணியைச் சட்டத்தால் கட்டிவிட்டபோது தெற்கில் வந்த துயரமும் அந்த அளவுக்கு உண்மையானது. முன்னதை உலகுக்குக் காட்டும் பூட்டான் பின்னதையும் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் பேர் இன்னும் நேபாள முகாம்களில் இருக்கிறார்கள். ஊர் திரும்ப விரும்புகிறவர்களை அது திரும்ப அழைக்கட்டும். அடுத்த மகிழ்ச்சிக் கணக்கெடுப்பின் கேள்விகளை அவர்களிடமும் கேட்கட்டும்.